உடையாத இறக்கை

இந்த ஞாயிறும் தபால்காரர் இறக்கைகளை உடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"விழுந்துடுச்சுண்ணே," என்றார். கொஞ்சம்கூட வெட்கம் இல்லை.

தச்சர் வாங்கிப் பார்த்தார். போன வாரம் இதே மேசையில் குனிந்து குனிந்து இழைத்தவை. இரண்டும் நடுவில் ஒடிந்து தொங்கின.

பக்கத்துத் தெருத் தபால்காரருக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிடித்த பைத்தியம் இது. ரிமோட்டில் பறக்கும் ஆட்டோகைரோ. பார்க்கக் குட்டி ஹெலிகாப்டர் மாதிரிதான் இருக்கும், ஆனால் தலைக்கு மேல் சுற்றும் இறக்கைகளுக்கு மோட்டார் கிடையாது. மூக்கில் இருக்கும் விசிறி அதை முன்னால் இழுத்துக்கொண்டு ஓட, எதிர்க்காற்றே மேல் இறக்கைகளைச் சுற்றிவிட வேண்டும். அவை நன்றாக வேகம் பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் அடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தச்சருக்கு விளக்கியவரே தபால்காரர்தான். வாய் கிழியச் சொல்லத் தெரிந்த மனிதருக்குப் பறக்கவிட மட்டும் வரவில்லை.

வாராவாரம் இதே கதைதான். தச்சர் மரம் அறுத்து, ஒட்டி, இறுக்கிக் கட்டுவார். பசை காயும்வரை தபால்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மைதானத்துச் சமாச்சாரம் எல்லாம் அளப்பார். இரண்டு காப்பி குடிப்பார். இறக்கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்.

மற்ற ஆறு நாளும் தச்சர் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். மனைவி போன பிறகு கழுவுவதற்குக்கூட ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று ஆகிவிட்டது.

அன்று காலையில்தான் வெளியூரிலிருக்கும் மகள் போனில் பிடிபிடியென்று பிடித்திருந்தாள்.

"ஓசியில ஆள் கிடைச்சா யார்தான் விடுவாங்க? நீங்க ஒரு இளிச்சவாயர்னு அந்த ஆளு நல்லா தெரிஞ்சு வச்சிருக்காருப்பா. இனிமே முடியாதுன்னு சொல்லிடுங்க."

மகள் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் தச்சருக்குப் பட்டது. ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் வேறு வழி யோசித்தார். உடையவே உடையாத இறக்கையாகச் செய்து கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

"இந்தத் தடவை வேற மாதிரி செய்யறேன். காய நாளாகும். புதன்கிழமை வா," என்று அனுப்பிவைத்தார்.

வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து எடுத்தார். மேலே ஃபைபர் துணி சுற்றி, ரெசின் பசை தடவி, காயவைத்து, வழுவழுவென்று தேய்த்தார். இரண்டும் ஒரே எடை இருக்கின்றனவா என்று தராசில் வைத்துப் பார்த்தார். மேசை விளிம்பில் வைத்து அழுத்தியபோது வளைந்தனவே தவிர ஒடியவில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை தபால்காரர் வந்தார்.

"இது உனக்கும் எனக்கும் அப்புறமும் இருக்கும். இனிமே இதுக்காக நீ இங்க அலைய வேண்டியதில்ல," என்றார் தச்சர்.

தபால்காரர் இறக்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நல்லது என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, காப்பியும் வேண்டாம் என்றுவிட்டார்.

கதவைச் சாத்திய பிறகுதான் தச்சருக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

வியாழன், வெள்ளி, சனி மூன்றும் ஒரே நாள் போல நீண்டன. ஞாயிறு மதியத்திலிருந்தே தெருக் கதவு சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக் கதவு. தனியாக இருப்பது அவருக்குப் புதிதில்லை. அந்தத் தனிமையைத் தன் கையாலேயே இழைத்து மெருகேற்றி வைத்துக்கொண்டோமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மகளிடம் சொல்லி அழலாமா என்றுகூட நினைத்தார். என்னவென்று சொல்வது?

வழக்கமான நேரம் போய், வெளியே விளக்கும் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் வந்தார் தபால்காரர். நொண்டிக்கொண்டே வந்தார். சட்டைக் கையெல்லாம் வெள்ளைத் தூள்.

"விழுந்துடுச்சுண்ணே."

தச்சர் கதவை அகலத் திறந்தார். "காலுக்கு என்ன?" என்றார்.

"முட்டியில கொஞ்சம் அடி. மேசையில இடிச்சுக்கிட்டேன்."

துண்டுகளை வாங்கி விளக்கடியில் பிடித்தார். ஆயுசு முழுக்க மரம் அறுத்த கண்ணுக்கு ஒரு பார்வை போதும். ஒடிந்த மரம் நார் நாராகப் பிய்ந்திருக்கும். இதில் வரிவரியாக ரம்பப் பல்லின் தடம். மேலேயிருந்து பாதி, கீழேயிருந்து பாதி அறுத்து, இரண்டும் நேராகச் சேராமல் நடுவில் ஒரு படி நின்றிருந்தது. பழக்கமில்லாத கை, வெகுநேரம் பாடுபட்டிருக்கிறது.

அப்படியானால் இத்தனை ஞாயிறும் தரையில் விழுந்தா உடைந்தன?

நிமிர்ந்து பார்த்தார். தபால்காரர் சுவரில் ஒன்றுமே இல்லாத இடத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தச்சர் துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தப்பு என் பேர்லதான்பா, ரொம்பக் கெட்டியா செஞ்சுட்டேன். இனிமே பழைய மாதிரி மெல்லிசாவே செய்யறேன், உன் முட்டியாவது பிழைக்கட்டும்."