பறவைகளுக்கு ஒரு பை

"பதினொண்ணு!" என்றார் போர்கில். "இதோட பதினொண்ணு உடைச்சிட்டே, இங்குன்."

இங்குன் மரக் கூம்பில் ஒட்டியிருந்த துண்டுகளை எடுத்து, பக்கத்தில் இருந்த காகிதப் பையில் போட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள். சமையலறை முழுக்க வெண்ணெயும் ஏலக்காயும் மணத்தன. இரும்பு அச்சில் மெல்லிசாக வெந்து வரும் க்ரும்காக்கே என்ற இனிப்பு அடையைச் சூடு ஆறுவதற்குள் கூம்பில் சுருளாகச் சுற்றிவிட வேண்டும். நாலு விநாடி தாமதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

இது இந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இருபது வருஷமாகத் தேவாலய விருந்துக்குச் சுருள் செய்து தருகிறவளுக்குத் தெரியாதா?

"போன வருஷமும் இதே கதைதான். பாதி உடைசல். மாதர் சங்கத்துல எல்லாரும் பேசுறாங்க. நீ என் தம்பி பொண்டாட்டி. எனக்குத்தான் தலைகுனிவு."

"பேசிட்டுப் போகட்டும் அக்கா."

"நாளைக்குக் கூட்டம். இந்த வருஷம் விருந்துக்கு யார் செய்யறதுன்னு நான்தான் சொல்லணும். அதுக்குத்தான் நேர்ல பார்க்க வந்தேன்."

இங்குனின் கை ஒரு கணம் நின்றது. வடக்கே எங்கிருந்தோ வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு, இந்த ஊர் முதன்முதலில் கொடுத்த இடம் அந்த விருந்து மேஜையின் நடுத்தட்டு.

"வேற யாருக்காவது கொடுத்துடுவீங்களா?"

"கை போச்சுன்னா கொடுத்துத்தானே ஆகணும்?"

இங்குன் அச்சைத் திறந்து அடுத்ததை எடுத்தாள். பலகையில் வைத்தாள். வைத்துவிட்டு ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கேடி பார்க்கிறே? ஆறுது பாரு!"

அவள் மெதுவாக எடுத்துச் சுற்றினாள். படக்கென்று உடைந்தது.

"பன்னிரண்டு! கரடி கையில கொடுத்தாக்கூட உன்னைவிட நல்லாச் சுத்தும்."

"அப்போ கரடியைச் சங்கத்துல சேர்த்துக்குங்க அக்கா."

போர்கிலுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் கோட்டை மாட்டிக்கொண்டார். "நான் கிளம்புறேன். நாளைக்குச் சங்கத்துல உண்மையைத்தான் சொல்வேன். அப்புறம் வருத்தப்படாதே."

"போறப்ப இந்தப் பையை எதிர்வீட்டு ஐலிஃப் அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க. அவரோட பறவைகளுக்குன்னு சொல்லுங்க."

"உடைசலையா? பொண்டாட்டி ஆஸ்லாக் செத்து மூணு வருஷமா அந்த மனுஷன் தனியா கிடக்கிறார். நல்லதா ஒரு டப்பா கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"முதல் வருஷம் கொடுத்தேனே. மூடியைக்கூடத் திறக்காம திருப்பிக் கொண்டுவந்து வச்சிட்டார்."

போர்கிலுக்குக் காரணம் புரிந்தது. இங்கே பலகார டப்பாவை யாரும் காலியாகத் திருப்பித் தருவதில்லை. தங்கள் வீட்டில் சுட்டதை நிரப்பித்தான் தருவார்கள். ஐலிஃப் வீட்டில் சுட்டவள் ஆஸ்லாக். அவருக்கு வலை வீசத் தெரியும். முட்டை உடைக்கத் தெரியாது.

அதற்காக உடைசலையா கொடுப்பது என்று முணுமுணுத்தபடியே போர்கில் பனியில் இறங்கி நடந்தார்.

எதிர்வீட்டு வாசலில் பறவைகளுக்காக ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்று தொங்கியது. சிட்டுகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன.

"பறவைகளுக்குன்னு இங்குன் கொடுத்தா," என்று பையை நீட்டினார் போர்கில்.

"பாவம், இந்த வருஷமும் அவளுக்குக் கை சரியில்லையா?" என்றார் ஐலிஃப், துக்கம் விசாரிக்கிற மாதிரி. "உள்ளே வாம்மா. காபி இருக்கு."

பையைத் தட்டில் கொட்டினார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று எடுத்தார்.

"பறவைகளுக்கு?" என்றார் போர்கில்.

"ருசி பார்க்காம அதுங்களுக்குப் போடலாமா?"

நாலாவது துண்டை எடுக்கும்போது அவர் கை நின்றது. உடைசலுக்கு அடியில் ஒரு சுருள் முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை.

ஐலிஃப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அழுத்தினார். படக்.

"நல்லா இருந்ததை எதுக்கு அண்ணே உடைச்சீங்க?"

"இதை உடைக்க மறந்துட்டா," என்றார் ஐலிஃப், துண்டுகளை மற்றவற்றோடு கலந்தபடி. "நீ பார்த்ததை அவகிட்ட சொல்லிடாதே போர்கில். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, அடுத்த வருஷம் நான் எந்த முகத்தோட இதை வாங்குவேன்?"

போர்கில் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே இங்குனின் சமையலறைக்குத் திரும்பி வந்தார்.

"என்ன அக்கா, வந்துட்டீங்க? அவர் வாங்கிக்கலையா?"

"வாங்கிக்கிட்டார். பறவைகளுக்குப் பிடிச்சிருக்காம்." போர்கில் கோட்டைக் கழற்றிப் போட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். "விருந்துக்கு நீதான் செய்யறேன்னு நாளைக்குச் சொல்லிடறேன். இப்போ நகரு."

"நீங்க எதுக்கு அக்கா? சூடு பட்டுடும்."

"நகருன்னு சொன்னேன்."

நாற்பது வருஷத்தில் ஒரு சுருளைக்கூட உடைத்ததில்லை என்று பேர் வாங்கிய போர்கில், அச்சிலிருந்து வெந்ததை எடுத்துப் பலகையில் வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.