ஒரே காலையில் மூன்று இண்டக்‌ஷன்

இண்டக்‌ஷன் அடுப்பு கீச்கீச்சென்று கத்துகிறது. எழிலன் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்துகிறான். கட்டிலில் சாய்ந்திருக்கும் பவானிக்குச் சிரித்தால் நிறைமாத வயிறு இழுக்கிறது. "அலுமினியத்த வச்சா அது எங்க சூடாவும், மாமா? எவர்சில்வர வையி." பாத்திரம் மாறியதும் அடுப்பு அடங்கி முனகுகிறது, கஞ்சியின் ஆவி ஜன்னல் வெயிலில் ஏறுகிறது. நாள் தாண்டியும் வலி வராததால் அவளுக்கு இன்று சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வலி வரவழைக்கப் போகிறார்கள். டாக்டர் அதற்கும் இண்டக்‌ஷன் என்றுதான் பெயர் சொன்னார். மஞ்சக்குப்பத்தில் அவனுக்குக் கிடைத்திருக்கும் புது வேலையிலும் முதல் நாளான இன்று நடக்கும் அறிமுக வகுப்புக்குப் பெயர் இண்டக்‌ஷன்தான். வராதவருக்கு வேலை இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்குகிறது. பவானி அதையே பார்க்கிறாள். தனியாகப் போக அவளுக்குப் பயம். ஆனாலும், "நீ கெளம்பு மாமா, நான் கார் புடிச்சிப் போயிக்கிறேன்" என்கிறாள். அவன் கஞ்சியை பிளாஸ்கில் ஊற்றி மூடுகிறான். சட்டையை எடுத்து மடித்து, அவளுடைய பையில், குழந்தையைச் சுற்ற வைத்திருக்கும் பழைய வேட்டித் துணியின் மேல் வைக்கிறான். "அத எதுக்கு இதுல வைக்கிற?" என்கிறாள் பவானி.

"புள்ளைய கையில வாங்குறப்ப போட்டுக்கத்தான். வேலைக்கு வரலன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன்."