கடைசிக் கிண்ணம்

படுக்கையில் கிடந்த மனைவி வேதவல்லிக்கு மூச்சுக் கொடுத்தபடி இரைந்துகொண்டிருந்த பழைய ஆக்சிஜன் மிஷினையே கஜபதி ஆதார சுருதியாக வைத்துக்கொண்டார். எந்த ஆர்மோனியத்திலும் அகப்படாத ஸ்வரங்களை அதன்மேல் கட்டிக்கொண்டிருந்தார், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணங்களில். ஈர விரலால் விளிம்பைத் தேய்த்தால் கிண்ணம் பாடும். மிஷினோடு பொருந்தாதவரை இரண்டு ஒலிக்கும் நடுவே ஒரு நடுக்கம் கேட்கும், பொருந்தினால் அடங்கிவிடும்.

கடைசிக் கிண்ணம் மட்டும் படியவில்லை.

"இன்னும் நடுங்குதுங்க," என்றாள் வேதவல்லி, கண்ணைத் திறக்காமல்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். சட்டென்று நடுக்கம் போய்விட்டது. பிசிறே இல்லாத ஒற்றை ஒலி. கண் கலங்க வெகுநேரம் அதையே தேய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சேந்துடுச்சு பாத்தியா, வல்லி?" என்று விரலை எடுத்தார்.

தலைக்கு மேல் மின்விசிறி நின்றுபோயிருந்தது. கிண்ணம் அடங்கியதும் அறையில் வேறு சத்தமே இல்லை.