மாடி வழி

கதாமிஸ் என்ற பாலைவன நகரில் கூரை மூடிய குறுகிய சந்து ஒன்றை நண்பகல் கல்யாண ஊர்வலம் அடைத்து நிற்கிறது. பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்காக மருத்துவச்சியை அழைக்கக் கிளம்பிய தாஹிர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். மேலே, ஆண்கள் கால் வைக்காத மொட்டை மாடிகளில், சுண்ணாம்புச் சுவர்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. மாடிப் பெண்கள் வழியே முன்பே சேதி கேட்ட மருத்துவச்சி மப்ரூக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி சுவர் சுவராகத் தாண்டி அவன் வீட்டுக்கு ஓடுகிறாள். காயும் பேரீச்சம்பழங்களை ஒதுக்கிப் பெண்கள் வழிவிடுகிறார்கள். "ஓடுக்கா, இன்னும் ஏழே மாடி!" கொஞ்ச நேரத்தில் எழும் குலவை மாடிக்கு மாடி தாவி வருகிறது. சந்தின் கூரைத் துளையை நோக்கி அண்ணாந்து தாஹிர் கத்துகிறான்: "கல்யாணக் குலவைய நிறுத்துங்கம்மா! மருத்துவச்சியக் கூப்பிடப் போகணும்!" துளையில் ஒருத்தி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். "குலவை உனக்குத்தான் தம்பி! பொண்ணு பொறந்துட்டா. இந்த மாடியெல்லாம் இனி அவளுக்கும்தான். நீ மெதுவா வா."