ஓடையோரத்துச் செடி

தேனீக்கள் ஒழிந்தபின் ஏலக்காட்டில் பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைக்காமல் ஒரு காயும் பிடிப்பதில்லை. ஆனால் ஓடையோரத்துச் செடி ஒன்றை மட்டும் ராசாங்கத்தின் மனைவி ரோகிணி யாரையும் தொடவிட மாட்டாள். "தேனீ திரும்பி வந்தா அதுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்" என்பாள். வருஷா வருஷம் அதன் பூக்கள் வீணாய் உதிரும். அவள் அவற்றைப் பொறுக்கி முந்தானையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கத் தாங்காமல்தான் இந்த முறை, அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, ராசாங்கம் பிரஷ்ஷை எடுத்தான்.

காய் பிடித்ததும் ரோகிணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, தேனீ வந்திருக்குங்க! ஓடையோரத்துச் செடி காய்ச்சிருக்கு! அடுத்த வருஷம் ரெண்டு செடியத் தொடாம விடுவோமா?"

"விடுவோம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டில் ஒன்றைத்தான் தொட வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். இன்னொன்றை, வந்தால் அது தொடட்டும்.