முதலாம் கிணறு

“இன்னொரு கிளாஸ் ஊத்து புள்ள.”

பேராசிரியர் அபூசாலி கிளாஸை நீட்டினார். தங்கை மர்ளியா சிரித்துக்கொண்டே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள்.

“மிஸ்ஸுக்கு?”

“எனக்கு வேணாம் அன்ரி.”

“மிஸ் போத்தலோட வந்திரிக்கா. எங்கட நானாவுக்குப் போத்தல் தண்ணி இறங்காது. வாப்பா வெட்டின கிணறுதான் வேணும்.” மர்ளியா அண்ணனைக் காட்டினாள்.

டிலுக்ஷிக்கு எரிச்சல் வந்தது. அவள் அபூசாலியின் இரசாயனவியல் துறையில் விரிவுரையாளர். அவர் ஓய்வு பெறுவதையொட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அதற்குப் படமெடுக்கத்தான் மாம்புரியில் உள்ள அவருடைய தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள்.

தோட்டங்களுக்குப் போடும் பசளையிலிருந்து கிணறுகளில் இறங்கும் நைத்திரேற்று உப்பு பற்றி அவர் எழுதியவற்றை உலகமெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். யுத்தம் முடிந்த கையோடு மாம்புரிச் சந்திக்குப் பில்டர் தண்ணீர் வந்ததும் அவற்றால்தான். ஊரே அங்கேதான் எடுக்கிறது, இந்த ஒரு வீட்டைத் தவிர.

மர்ளியா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் டிலுக்ஷி கேட்டேவிட்டாள்.

“சேர், குடிக்க வேணாம் எண்டு ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டு நீங்களே கிளாஸ் கிளாஸாக் குடிக்கிறீங்க. தங்கச்சிக்காவது சொல்லக் கூடாதா?”

“மெல்லக் கதைங்க.”

“என்ன சேர், பயமா?”

“ஓம். பயம்தான்.”

அவர் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“என்ட முதல் கட்டுரைய வாசிச்சிருக்கிறீங்களா?”

“அத வாசிக்காம யாரு சேர் எங்கட துறைக்கு வந்தது? முதலாம் கிணறு. அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்து, நீலம் பாரிச்சுச் செத்துப்போன பச்சப் பிள்ள...”

டிலுக்ஷி நிறுத்தினாள். முற்றத்துக் கிணற்றைப் பார்த்தாள்.

“மர்ளியாட மூத்தவன்,” என்றார் அபூசாலி. “தண்ணிய நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுத்தாள். கொதிச்சா கிருமி சாகும். ஆனா நைத்திரேற்று குறையாது, இன்னும் கூடும். கண்ணூறு பட்டுத்தான் பிள்ள போனதெண்டு இண்டைக்கும் நினைச்சிட்டிரிக்கிறாள். நான் இந்தத் தண்ணியக் குடிக்காம விட்டாலே அவளுக்கு விளங்கிடும்.”

டிலுக்ஷி கமராவை மேசையில் வைத்தாள்.

“எவ்வளவோ எழுதிட்டன். இந்த வீட்டில மட்டும் வாய் திறக்க ஏலாது.”

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார்.

மர்ளியா தேத்தண்ணி கொண்டுவந்தாள். டிலுக்ஷி தயங்குவதைப் பார்த்துக் கோப்பையை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

“பயப்பிடாமக் குடிங்க மகள். பக்கத்து வீட்டில வாங்கின பில்டர் தண்ணி.”

டிலுக்ஷி நிமிர்ந்தாள்.

“அப்ப அன்ரி, உங்களுக்கு...”

“புத்தளத்தில என்ட மகள் சயன்ஸ் டீச்சர். உலகம் பூரா வாசிச்சத அவள் வாசிக்க மாட்டாளா?”

மர்ளியா படலைப் பக்கம் பார்த்தாள். தெருவில் யாருமில்லை.

“நானாட்டச் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார். அதுக்குத்தான் நானும் இந்தத் தண்ணியவே குடிச்சிட்டிரிக்கிறன்.”