பூஜ்யம் கிராம் வீடு

"இந்த வாரமும் உங்க பைதான் முதலிடம். நாலு கிலோ!"

தராசுக் கொக்கியில் தொங்கிய குப்பைப் பையைப் பார்த்தபடி சொன்னார் பச்சை அக்கா.

கதவைத் திறந்த தையல்காரப் பெண் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். உள்ளே தையல் மெஷினில் பாதி தைத்த பாவாடை.

பச்சை அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. குடியிருப்பின் பசுமைக் குழுத் தலைவி ஆனதிலிருந்து இருபத்து நாலு வீட்டிலும் இதுதான் பெயர். பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்கு. துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்து பாதிப் பேர் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பதாகக் கேலி உண்டு.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் வீட்டு எண் எழுதிய குப்பைப் பையை வாசலில் வைக்க வேண்டும். அக்கா எடை போடுவார். அவர் கணவர் நோட்டில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை அது நோட்டீஸ் போர்டில் ஏறும். அக்காவின் வீட்டுக்கு நேரே ஏழு மாதமாக ஒரே எழுத்துதான். பூஜ்யம் கிராம்.

கணவர் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். முத்து முத்தான கையெழுத்து. நாலு மாதத்துக்கு முன்னால் ஓர் ஆபரேஷன் நடந்தது. நன்றாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆகவே எடை போடப் போகும்போது அக்கா அவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"ஒத்தை ஆளு நீங்க. வெட்டுத் துணியைக்கூட தலையணைக்குள்ள அடைச்சு வித்துடறீங்க. அப்புறம் எப்படிம்மா நாலு கிலோ?"

"சேர்ந்துடுதுக்கா."

"நாளைக்கு நகரசபையிலேருந்து பரிசுக் கமிட்டி வருது. இந்த ஒரு பை போதும், நம்ம மானம் கப்பலேற. என்னதான் இருக்கு உள்ளே?"

அக்கா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு முடிச்சில் கை வைத்தார்.

"அக்கா, திறக்காதீங்க. சொன்னாக் கேளுங்க."

அப்படிச் சொன்னால் யார்தான் திறக்காமல் இருப்பார்கள்? அக்கா திறந்தார். செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தவர் சட்டென்று மூடினார்.

"டயப்பர்! பெரியவங்க கட்டிக்கிறது. யாருக்கு இது?"

தையல்காரப் பெண் ஒரு கணம் தயங்கினாள்.

"எனக்குத்தான்."

"உங்களுக்கா? நாப்பது வயசு இருக்குமா?"

"உடம்புக்கு வயசு தெரியுதா என்ன?"

அக்காவின் முகம் இளகியது. கல் நெஞ்சுக்காரி இல்லை அவர். நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனால் அறிவுரை சொல்லாமல் அவரால் இரண்டு நிமிடம் இருக்க முடியாது.

"இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லைம்மா. ஆனா இது மண்ணுல மக்கவே மக்காது. தையல் தெரிஞ்ச கை உங்களோடது. பழைய பருத்தித் துணியை நாலு மடிப்பு மடிச்சுத் தைச்சா, துவைச்சுத் துவைச்சுக் கட்டிக்கலாம். வெயில்ல காயப் போட்டா கிருமியும் போயிடும்."

"துவைச்சுக் கொடியில போட்டா நாலு பேர் பார்ப்பாங்களேக்கா."

"பார்த்தா என்ன? நமக்குத் தேவை பூமியா, கௌரவமா?"

பின்னால் நின்ற கணவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை ஆச்சு" என்றார் அக்கா. "இது மூணாவது. வீட்டுல மெஷின் போட்டுத் தைக்க சங்கம் உங்களுக்குக் கொடுத்த அனுமதி ரத்தாயிடும். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

தையல்காரப் பெண் திரும்பித் தன் மெஷினைப் பார்த்தாள். அவளுக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான். கண் கலங்கிவிட்டது.

"இனிமே குறைச்சுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தத் தடவை விட்டுடறேன்."

"அப்படி வாக்குக் கொடுக்க முடியாதுக்கா. இன்னும் கொஞ்ச நாள் இப்படித்தான் வரும். எழுதிக்குங்க."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இறங்கி வந்தால் இப்படியா பதில்?

"என்னங்க, எழுதுங்க. தரைத்தளம் ரெண்டு. நாலு கிலோ. மூணாவது எச்சரிக்கை."

கணவர் எழுதவில்லை.

"பேனா எழுதலையா?"

"எழுதுது. வீட்டு நம்பர்தான் தப்பு."

"சார், வேணாம்!" என்று பதறினாள் தையல்காரப் பெண்.

"இருக்கட்டும்மா. எனக்காக உன் பிழைப்புல மண்ணு விழறதை நான் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். தலை மட்டும் நிமிரவில்லை.

"அது என்னோடது. ஆபரேஷனுக்கப்புறம் அடக்க முடியலை. குணமாக இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். தினமும் காலையில வாக்கிங் போறப்ப, பொட்டலத்தை இவங்ககிட்டக் கொடுத்துட்டுப் போறேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சிக் கேட்டேன். பாவம், சொல்லலை."

அக்காவின் கையிலிருந்த தராசு மெல்லக் கீழே இறங்கியது.

"நாலு மாசமாவா? கட்டின பொண்டாட்டிகிட்டச் சொல்லாம, கீழ் வீட்டுல கொண்டுவந்து கொடுத்தீங்களா? நம்ம வீட்டுலயே போட்டிருக்கக் கூடாதா?"

அக்காவின் குரலில் கோபமே இல்லை.

"எங்கேம்மா போடறது? பூஜ்யம் வந்த அன்னைக்கே நம்ம வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தூக்கிக் கொடுத்துட்டியே!"